நீர் விளையாட்டும் கருவிச் சுமையும்: கட்டுமரம் முதல் பாய்ப்பலகை வரை

விண்ட்சர்ஃபிங் என்பது நீண்ட பலகை ஒன்றின் மேல் பாய் நட்டு, நின்ற நிலையிலேயே காற்றின் விசையால் நீரில் செல்லும் விளையாட்டு ஆகும். படத்தில் பார்த்தால் ஒரு பலகை, ஒரு பாய், ஓர் ஆள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கரையில் நடந்ததை யாரும் படம் எடுப்பதில்லை. இரண்டு துண்டாக வரும் கம்பத்தைப் பொருத்த வேண்டும். அதைப் பாயின் விளிம்பில் உள்ள உறைக்குள் நுழைக்க வேண்டும். கைப்பிடி வளையத்தைக் கம்பத்தில் இறுக்க வேண்டும். பாய் விறைப்பாக நிற்கும் வரை கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். அடியில் துடுப்புச் செதிளைத் திருகி மாட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்து நிமிர்ந்தால் காற்று குறைந்திருக்கும். பெரிய பாயை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விளையாடி முடிந்த பின் எல்லாவற்றையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சுருட்டி, வண்டியின் மேல் ஏற்றிக் கட்ட வேண்டும்.

இத்தனை சிரமத்துக்குத் தகுந்த இன்பம் கிடைக்கிறதா என்பது நீர் விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. எந்த விளையாட்டு வளர்ந்தது, எது தேய்ந்தது, யார் விளையாடினார்கள், யார் கரையில் நின்று பார்த்தார்கள் என்பதையெல்லாம் இந்தக் கேள்வியே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான சான்றுகள் நிறையவே உள்ளன.

கட்டுமரம்: தினமும் கட்டி தினமும் அவிழ்த்த கலம்

கருவிச் சுமை என்றதும் முதலில் சொல்ல வேண்டியது கட்டுமரத்தைத்தான். இது விளையாட்டுக் கருவியன்று, பிழைப்புக் கருவி. மீனவர்கள் இதைச் சுருக்கமாக ‘மரம்’ என்றே சொல்வார்கள். எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து, குறுக்குக் கட்டைகளோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டுமரம் ஆகிவிடும். சிறியது மூன்று மரம். ஆழ்கடல் தொழிலுக்கு அதைவிடக் கூடுதல் மரங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் ஏற்றி வெயிலில் காய வைத்தார்கள் என்பது. மரம் தண்ணீர் குடித்தால் கனக்கும், மிதப்பு குறையும். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்ட வேண்டும். அதாவது நாள்தோறும் ஒரு கலத்தைப் பூட்டிப் பிரிக்கும் வேலை. இன்றைய விண்ட்சர்ஃபிங்காரர் அரை மணி நேர வேலைக்கு அலுத்துக்கொள்வதைச் சோழமண்டலக் கரையின் பழைய மீனவர் கேட்டால் சிரித்திருப்பார்.

இத்தனை வேலை வைத்தும் இந்தக் கலம் பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் கடற்கரையின் அமைப்பு. சென்னை உட்பட இந்தக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கரைக்கு அருகிலேயே அலை உடைந்து விழும். குழிவான படகில் தண்ணீர் நிறைந்தால் மூழ்கும். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் மரங்களின் இடைவெளி வழியாகத் தானே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும். மேலே ஏறி உட்கார்ந்து தொடர வேண்டியதுதான். கம்பெனிக் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தைத்த பலகைகளால் ஆன மசூலாப் படகுகள் பயணிகளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின; அலை மிகுந்து அவையும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர் தலைக்குல்லாய்க்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் போய் வந்தார். வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி, 1697ல் வெளியான தம் உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சொல்லும் கப்பலேறிப் போய்விட்டது. ‘கேட்டமரான்’ என்று இன்று உலகம் சொல்வது இரட்டை உடல் கொண்ட படகை. நம்முடையதோ ஒரே மிதவை. பெயர் மட்டும் நம்முடையது, பொருள் வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வுத் தாளில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

மேல்நாட்டில் இரட்டை உடல் படகைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் நத்தானியேல் ஹெரெஷாஃப். 1876ல் நியூயார்க் பந்தயத்தில் அவருடைய ‘அமரில்லிஸ்’ மற்ற படகுகளை எளிதாக முந்தியது. அதன் பலன், அப்படிப்பட்ட படகுகளை வழக்கமான பந்தயங்களில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கியதுதான். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அலைச்சறுக்குப் பலகை செய்து விற்றுவந்த ஹோபி ஆல்டர் என்ற கலிஃபோர்னியாக்காரர், மணலிலிருந்து நேரே தள்ளி அலையைக் கடக்கக்கூடிய சிறிய இரட்டைப் படகைச் செய்தார். துறைமுகம் வேண்டாம், படகுத்துறை வேண்டாம், இரண்டு பேர் இழுத்துப் போனால் போதும். கட்டுமரக்காரர் எந்தத் தேவைக்காகத் தம் கலத்தை அமைத்தாரோ, கிட்டத்தட்ட அதே தேவைக்குத்தான் இவரும் வந்து சேர்ந்தார்.

பரிசலும் மலை ஏரிப் படகும்

கட்டுமரத்துக்கு நேர் எதிர்முனையில் பரிசல் இருக்கிறது. சேலம், தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒகேனக்கல் பரிசலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மூங்கில் பிளாச்சுகளால் வட்டக் கூடையாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, தார் பூசிச் செய்வது. பாய் இல்லை, கம்பம் இல்லை, பூட்டும் வேலை இல்லை. ஆற்றில் கீழே போன பரிசலை எதிர்நீச்சலாகத் துழாவி மேலே கொண்டுவருவது கடினம் என்பதால், பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு கரை வழியே நடந்து வந்துவிடுவார். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை எழுந்து நடப்பது போலிருக்கும். கலத்தின் எடை ஓர் ஆள் தூக்கும் அளவுக்குள் இருந்தால் எவ்வளவு சிக்கல் தீர்ந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்து பெரிய நீர்த்தேக்கம் உருவான பின்னும் அங்குள்ள மீனவர்கள் பரிசலைக் கைவிடவில்லை.

மலைமேல் படகுப் பொழுதுபோக்கு வந்த கதையில் சுமை வேறு விதமானது. கொடைக்கானல் ஏரியை 1863ல் அமைத்தவர் மதுரையின் முன்னாள் ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச். அந்த ஏரிக்கு முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்போது கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. ஆட்கள் நடந்தேறிய மலைப்பாதைதான். கடற்கரையில் மிதந்த படகு ஒன்றை ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டு சேர்த்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1890ல் அங்கே படகுக் கழகம் தொடங்கியது. 1932 முதல்தான் பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் தற்காலிக உறுப்பினர்களாகிப் படகில் ஏற முடிந்தது. சமவெளியிலும் அதே நிலைதான். அடையாற்றின் கரையில் உள்ள மெட்ராஸ் படகுக் கழகம் 1867லும், சென்னைத் துறைமுகத்தில் உள்ள ராயல் மெட்ராஸ் பாய்மரப் படகுக் கழகம் 1911லும் தோன்றின. இரண்டாவதை நிறுவிய சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த பொறியாளர்.

கழகம் என்ற அமைப்பே கருவிச் சுமைக்குக் கண்டுபிடித்த தீர்வுதான் என்று சொல்லலாம். படகை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, கொட்டகையில் நிற்கும். கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தண்ணீரில் இறக்குவதற்கும் ஆள் இருப்பார்கள். உறுப்பினர் மாலையில் வந்து இன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். சுமை மறைந்துவிடவில்லை, வேறொருவர் தோளுக்கு மாறியது. அந்தத் தோளுக்கு உரியவர்களுக்கு நீண்ட காலம் உறுப்பினர் ஆகும் வாய்ப்பு இல்லை.

எங்கள் மாரமங்கலம் சேர்வராயன் மலையில் இருக்கிறது. கடல் ஒரு நாள் பயணம். எங்களுக்குத் தெரிந்த நீர் விளையாட்டு ஏற்காட்டு ஏரியின் படகுச் சவாரியும், கோடை விழாவில் நடக்கும் படகுப் போட்டியும்தான். சீட்டு வாங்கி, உயிர்காப்பு மேலாடை மாட்டி, மிதிபடகில் ஏறினால் ஆயிற்று. அரை மணி கழித்து இறங்கி வந்தால் யாரும் எதையும் கழுவச் சொல்ல மாட்டார்கள். கருவிச் சுமை சுழியம். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள்: படகில் போனதை விட ஏரிக்கரையில் தின்ற மிளகாய் பஜ்ஜிதான் நினைவில் இருக்கும். மிதிபடகு கற்றுக்கொடுப்பது எதுவும் இல்லை என்பதே காரணம். காற்றைப் படிக்க வேண்டாம், சமநிலை பழக வேண்டாம், விழுந்து எழ வேண்டாம். சுமையே இல்லாத விளையாட்டில் இன்பத்துக்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது. இது என் கருத்து, உடன்படாதவர்களும் உண்டு.

எளிமைக்காகப் பிறந்த பாய்ப்பலகை

விண்ட்சர்ஃபிங்கின் தொடக்கமே சுமையைக் குறைக்கும் எண்ணம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கலிஃபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் தொழில்முனைவர் ஹாயில் ஷ்வைட்சரும் நண்பர்கள். ஒருவருக்குப் பாய்மரப் படகு பழக்கம், மற்றவருக்கு அலைச்சறுக்கு. படகுக்குக் கருவி அதிகம். அலைச்சறுக்குக்கு நல்ல அலை வரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற பேச்சிலிருந்து 1967ல் முதல் பலகை தண்ணீரில் இறங்கியது. 1968ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970ல் பெற்றார்கள்.

இவர்கள் படகிலிருந்து நீக்கியது சுக்கானை. கம்பத்தைப் பலகையில் அசையாமல் நடாமல், எந்தத் திசையிலும் சாயும் மூட்டு ஒன்றின் மேல் நிறுத்தினார்கள். பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் முனை காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். காற்றின் அழுத்தம் பாயில் விழும் மையமும், தண்ணீரின் எதிர்ப்பு பலகையில் விழும் மையமும் ஒன்றுக்கொன்று முன்பின் ஆவதால் திருப்பம் உண்டாகிறது. பதினொன்றாம் வகுப்பில் திருப்புத்திறன் படித்த மாணவர்கள் ஒரு படம் வரைந்து பார்த்தால் உடனே விளங்கும். சுக்கான் வேலையையும், படகில் பாயைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளின் வேலையையும் மனித உடலே செய்கிறது. இந்த விளையாட்டின் மகிழ்ச்சியும் முதல் வார முதுகுவலியும் அதே இடத்திலிருந்து வருபவை.

காப்புரிமை பிறகு வழக்காயிற்று. பென்சில்வேனியாவின் நியூமன் டார்பி 1964லேயே பாயோடு கூடிய பலகையைச் செய்து, 1965ல் ‘பாப்புலர் சயன்ஸ்’ இதழில் அதைப் பற்றி எழுதியிருந்தார். இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் 1958ல், பன்னிரண்டாம் வயதில், தானே ஒன்றைக் கட்டி ஓட்டியிருந்தான். 1985ல் பிரித்தானிய நீதிமன்றம் இவற்றைச் சுட்டிக்காட்டி அந்நாட்டில் ஷ்வைட்சர் நிறுவனத்தின் காப்புரிமை செல்லாது என்றது. ஒரு சிறுவனின் விடுமுறைக் கைவேலை பெரிய நிறுவனத்தை மறித்த கதை, காப்புரிமைச் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம்.

1970களில் ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்தின் டென் காட்டே நிறுவனம் பலகைகளை உற்பத்தி செய்யத் தொடங்கிய பின், விளையாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. பலகை ஒன்று, பாய் ஒன்று. காரின் கூரையில் கட்டிக்கொண்டு எந்த ஏரிக்கும் போகலாம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடமும் கிடைத்தது.

வளர்ச்சி உச்சத்தில் இருந்தபோதே சுமை திரும்பி வந்தது. வேகம் வேண்டும் என்று பலகையைச் சிறிதாக்கினார்கள். சிறிய பலகை மெல்லிய காற்றில் ஆளைத் தாங்காது. நல்ல காற்று வேண்டும். காற்றின் அளவுக்கேற்பப் பாய் மாற வேண்டும்; மூன்றரை சதுர மீட்டரிலிருந்து ஒன்பது சதுர மீட்டர் வரை பாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கம்பம், ஏற்ற செதிள். ஒரு பலகை ஒரு பாயோடு தொடங்கியவர் ஒரு வண்டி நிறையச் சாமானோடு அலைய வேண்டியதாயிற்று. விடுமுறை நாளில் விளையாட வந்த சாதாரண ஆட்கள் மெல்ல நழுவினார்கள். தேர்ந்தவர்களுக்காகவே ஒரு விளையாட்டைச் செதுக்கிக்கொண்டே போனால், புதியவர் நுழையும் வாசல் அடைபடும் என்பதைக் கருவி செய்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பழைய நீண்ட பலகையையே எடை குறைத்து மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

இடையில் போட்டியாக வந்தது பட்டம். பிரான்சின் லெகெய்னூ சகோதரர்கள் 1984ல் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1990களின் இறுதியில் கைட்சர்ஃபிங் பரவியது. பட்டம் முதுகுப்பையில் அடங்கும், பலகை அக்குளில் அடங்கும். ஆனால் இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளை விரிக்கத் திறந்த வெளி வேண்டும், பட்டத்தை ஏவ இன்னொருவர் துணை வேண்டும், தவறினால் ஆபத்தும் பெரிது. 2012 மே மாதம் உலகப் பாய்மர அமைப்பு, ரியோ ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங்கை நீக்கிப் பட்டத்தைச் சேர்ப்பதாக வாக்களித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. 2024 பாரிசில்தான் இரண்டும் சேர்ந்து இடம்பெற்றன.

மாறும் பலகையும் வாங்க முடியாத நாடும்

ஒலிம்பிக்கில் எல்லோரும் ஒரே வகைப் பலகையில் போட்டியிட வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் அந்த வகை மாறிக்கொண்டே இருக்கிறது. 1984ல் விண்ட்கிளைடர், அடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் லெக்னர், 1996 முதல் 2004 வரை மிஸ்ட்ரல், 2008 முதல் டோக்கியோ வரை ஆர்எஸ்எக்ஸ், பாரிசில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் ஐக்யூஃபாயில். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கருவி கொட்டகைக்குப் போகிறது. பணக்கார நாட்டு அணிகள் மறுமாதமே புதியதில் பயிற்சி தொடங்கும். மற்றவர்கள் கப்பலில் வரும் பெட்டிக்காகக் காத்திருப்பார்கள்.

2023ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். அவர் வென்ற பிரிவு ஆர்எஸ்எக்ஸ். அப்போதே ஒலிம்பிக் கைவிட்டிருந்த பலகை. பதக்கத்தின் மதிப்பை இது சிறிதும் குறைக்காது. ஆனால் ஒரு வீரர் ஆண்டுக்கணக்கில் பழகிய கருவியே அவர் காலடியிலிருந்து விலகிப் போவது எப்படிப்பட்ட நிலை என்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து டோக்கியோ சென்ற நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் விண்ட்சர்ஃபிங்கில் அல்லாமல் சிறு பாய்மரப் படகுப் பிரிவுகளில் போட்டியிட்டவர்கள். நேத்ரா ஓட்டிய லேசர் வகை அரை நூற்றாண்டாகப் பெரிய மாற்றமின்றி இருந்துவருவது; ஒருமுறை பழகினால் பழக்கம் வீணாகாது.

கோவளமும் தொண்டியும்

தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டில் விரைந்து வளர்ந்தது அலைச்சறுக்கு. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர் தாமே பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 2012ல் அது பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் தேர்ந்த வீரர்களாக வந்தவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

அலைச்சறுக்குப் பலகையில் பூட்ட ஒன்றுமில்லை. மெழுகு தேய்த்துக் கால் கயிற்றை மாட்டினால் முடிந்தது. ஆனால் ஏழெட்டு அடிப் பலகையை நகரத்துப் பேருந்தில் ஏற்றிப் பாருங்கள், நடத்துநர் என்ன சொல்வார் என்று தெரியும். கடற்கரையில் குடியிருக்கும் பையனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நூறு தப்படி. சுமை என்பதை நாம் கருவியின் எடையை வைத்தே கணக்கிடுகிறோம். கருவி கிடக்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தொலைவு அதைவிடப் பெரிய சுமை. பணம் இருந்தவர்கள் கழகக் கொட்டகை கட்டி அந்தத் தொலைவைக் குறைத்தார்கள். மீனவக் குப்பத்துக்கு அது பிறப்பிலேயே அமைந்திருந்தது. அதனால்தான் கடற்கரை நிலத்தை விடுதிகளுக்கும் சாலைகளுக்கும் ஒதுக்கும்போது, போவது வீட்டுமனை மட்டும் என்று கருதிவிடக் கூடாது.

இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் பட்டச் சறுக்குக்குப் பயிற்சி தரும் இடங்கள் உருவாகியிருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் ஒரு பக்கத்துக் காற்றும், வடகிழக்குப் பருவத்தில் மறுபக்கத்துக் காற்றும் கிடைப்பதும், ஆழமில்லாத கடல் இருப்பதும் அவற்றுக்கு வசதி. கருவி வெளிநாட்டுச் சரக்கு என்பதால் பயில்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

அந்தப் பகுதியிலேயே, பாக் நீரிணைக் கரையில், யாருடைய விளம்பரமும் இல்லாமல் நடக்கும் பாய் விளையாட்டு ஒன்று உண்டு. தொண்டியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் கோயில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிதான் அது. ஓடுவது வத்தை என்னும் நாட்டுப் படகு. காற்று ஒரு பக்கம் அழுத்தும்போது படகு சாயாமல் இருக்க, மறுபக்கம் நீட்டிய பலகையின் மேல் ஆட்கள் நகர்ந்து போய் உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். விண்ட்சர்ஃபிங்காரர் உடலைப் பின்னுக்குச் சாய்த்துச் செய்யும் அதே வேலை. தொழிலுக்கு இன்று கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் வந்துவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அன்றாடத்தில் பாய் விரிக்கும் தேவை குறைந்துவிட்டது. போட்டி நாளுக்காக மட்டும் கம்பத்தையும் பாயையும் வெளியே எடுத்து, தைத்து, கட்டிச் சரிபார்க்கிறார்கள். அந்த வேலை சில நாள்கள் எடுக்கும். போட்டி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கரையில் ஊரே திரண்டு நிற்கும்.